மூடிய கதவு, அணையாத விளக்கு

கார் பழசானால் இன்ஜினுக்கு முன்பே வம்புக்கு வருவது கதவு. எல்லாவற்றையும் சாத்தியாயிற்று, பூட்டியாயிற்று. மீட்டர் போர்டில் கதவை விரித்துக்கொண்டு நிற்கும் அந்தக் குட்டிக் கார் படம் மட்டும் அணைய மறுக்கும். இதைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்கக் கதவுக் கச்சேரி. கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக அவர்களுடைய காரின் பெயரைப் போட்டிருக்கிறோம். குறை காருக்குத்தானே!

ஸ்விஃப்ட், விழுப்புரம்: நான்கு கதவையும் அறைந்து சாத்திவிட்டேன். ஆனாலும் 'கதவு திறந்திருக்கிறது' என்று விளக்கு எரிகிறது. காரை நம்புவதா, கண்ணை நம்புவதா?

காதை நம்புங்கள். கார்க் கதவின் பூட்டு இரண்டு தவணையில் விழும். முதல் 'கிளிக்' பாதிப் பூட்டு, இரண்டாவது 'கிளிக்' முழுப் பூட்டு. முதல் கிளிக்கோடு நின்றுவிட்ட கதவும் பார்வைக்குச் சாத்திய கதவுதான். பலம்தான் பாதிகூட இல்லை. அமெரிக்காவின் 206-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி, பக்கக் கதவின் பூட்டு முழுதாக விழுந்த நிலையில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பாதிப் பூட்டிடம் அது கேட்பது 4,500 நியூட்டன்தான். எடைக் கணக்கில் ஏறக்குறைய 1,100 கிலோ எங்கே, 450 கிலோ எங்கே! ஆகவே முதல் வேலையாக ஒவ்வொரு கதவையும் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்துங்கள். இன்னொரு கிளிக் கேட்டால் விளக்கு உண்மைதான் பேசியிருக்கிறது. அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

இண்டிகா, நாமக்கல்: சென்சார், சென்சார் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? பெரிய எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரமா?

பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பது காலிங் பெல் பொத்தான் மாதிரி ஒரு சாதா ஸ்விட்ச். பழைய ஏற்பாட்டில், கதவுத் தூணில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்கும். கதவைச் சாத்தினால் குமிழ் அமுங்கி இணைப்பு விட்டுப்போகும். திறந்தால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். ஒயர் பாடியோடு எர்த் ஆகி ரூம் லைட் எரியும். பின்னால் வந்த ஏற்பாட்டில் குமிழ் காணாமல் போய், கதவுப் பூட்டுக்குள்ளேயே ஒரு மைக்ரோ ஸ்விட்ச் குடியேறிவிட்டது. தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் கம்பியைக் கவ்வும் கொக்கி சுழலும்போது அந்த ஸ்விட்சைத் தட்டும். முதல் வகையைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். இரண்டாவது வகையின் முகத்தைப் பார்க்க டோர் பேடைக் கழற்ற வேண்டும்.

அம்பாசடர், காரைக்குடி: என் காரில் இந்த விளக்கே கிடையாது. நான் கொடுத்துவைத்தவனா?

உங்கள் காரில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் தெருவுக்கே கேட்கும். தனியாக விளக்கு எதற்கு?

ஹோண்டா சிட்டி, திருச்சி: விளக்கு ஒன்று, கதவு நான்கு. குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடையாள அணிவகுப்பு நடத்துங்கள். இருட்டிய பிறகு, நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, ரூம் லைட்டை 'டோர்' என்ற நடு நிலையில் வையுங்கள். ஒவ்வொரு கதவாகத் தோளால் வெளிப்பக்கம் தள்ளுங்கள்; பிறகு ஆர்ம் ரெஸ்டைப் பிடித்து உட்பக்கம் இழுங்கள். எந்தக் கதவில் விளக்கு கண் சிமிட்டுகிறதோ அதுதான் ஆள்.

எதுவுமே சிமிட்டவில்லை என்றால் குமிழ் ஸ்விட்ச் உள்ள காரில் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ, அந்த ஸ்விட்ச்தான் கெட்டது. பூட்டுக்குள் ஸ்விட்ச் இருக்கும் கார்களில் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. சில கார்கள் இணைப்பைக் கழற்றினாலே 'கதவு திறந்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நல்ல கதவையும் சேர்த்துத் தண்டிப்பீர்கள்.

ஐ10, கோவை: பூட்டைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் ஸ்விட்ச் நல்லதா, கெட்டதா என்று பார்க்க வழி உண்டா?

ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவின் ஓரத்தில் இருக்கும் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். இரண்டு கிளிக் கேட்க வேண்டும். இப்போது கதவு திறந்திருந்தாலும் கார் அதை மூடியதாக நினைத்துக்கொள்ளும். விளக்கு அணைந்தால் ஸ்விட்ச் நல்லது. கோளாறு கதவு உட்காரும் விதத்தில் இருக்கிறது. அணையாவிட்டால் ஸ்விட்சோ ஒயரோ கெட்டிருக்கிறது.

சோதனை முடிந்ததும் கதவின் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து அறைந்தால் மூடிய கொக்கி போய் ஸ்ட்ரைக்கரில் மோதும். ஸ்விட்ச் பார்க்கப் போய்ப் பூட்டையே வாங்க வேண்டிவரும்.

ஸ்விஃப்ட் டிசையர், சேலம்: ஸ்விட்ச் மட்டும் தனியாக வராது, முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?

உங்கள் சந்தேகம் பாதிதான் நியாயம். பல கார்களில் மைக்ரோ ஸ்விட்சைப் பூட்டோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். அதில் அவர் சொல்வது நிஜம். ஆனால் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். பழைய கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து களிம்பாகி, கொக்கியோ ஸ்விட்சின் நாக்கோ முழுதாக நகராமல் போவது மிகச் சாதாரணம்.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பூட்டின் வாய்க்குள் எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனரை அதன் குழாய் வழியாக நன்றாக அடியுங்கள். கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடுவதும் கைப்பிடியால் திறப்பதுமாகப் பல தடவை ஆட்டுங்கள். கறுப்பாக வழிவதைத் துணியால் துடைத்து மறுபடியும் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, நகரும் இரும்புப் பாகங்களில் மட்டும் கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ். கிளீனர் தீப்பிடிக்கும் சரக்கு. பக்கத்தில் யாராவது பீடியோடு யோசனை சொல்ல வந்தால் யோசனையையும் வாங்காதீர்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் மெக்கானிக் சொன்னபடி பூட்டை மாற்றிவிடுங்கள்.

மாருதி ஆம்னி, நாகர்கோவில்: வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. விடலாமா?

தலைக்கு விடுங்கள். பூட்டுக்குள் விட்டால் நாளடைவில் பிசுக்காகித் தூசியை எல்லாம் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளும். டபிள்யூ டி 40 கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உண்டாக்கிய திரவம். இறுகிப்போனதை இளக்கும், துருவைத் தளர்த்தும். ஆனால் நின்று உழைக்கும் மசகு அல்ல. அதை அடித்தால் துடைத்துவிட்டு மேலே கிரீஸ் வைக்க வேண்டும்.

மாருதி 800, தஞ்சாவூர்: ரூம் லைட் அணையாமல் இருந்து, திங்கட்கிழமை காலையில் பேட்டரி டவுன். இத்தனூண்டு பல்பு அத்தனை பெரிய பேட்டரியைக் குடித்துவிடுமா?

சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும். 10 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.83 ஆம்பியர் இழுக்கும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, புதிதாக முழு சார்ஜில் இருந்தாலும், கணக்குப்படி 42 மணி நேரத்தில் காலி. சனி மாலை நிறுத்தினால் திங்கள் காலைக்குள் 36 மணி நேரம் ஓடிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் தெம்பு அதற்கு வெகு முன்பே போய்விடும். வயதான பேட்டரிக்கு ஒரே இரவு போதும்.

ஸ்விட்சைச் சரிசெய்யும்வரை ரூம் லைட்டை 'ஆஃப்' நிலையில் வையுங்கள். கம்ப்யூட்டர் வைத்த கார்களுக்கு இது மட்டும் போதாது. கதவு திறந்திருக்கிறது என்று நினைக்கும்வரை சில கார்களின் கம்ப்யூட்டர் தூங்கப் போகாது. அதுவும் பேட்டரியில்தான் கை வைக்கும்.

சாண்ட்ரோ, கும்பகோணம்: குமிழ் ஸ்விட்சை நானே கழற்றி மாட்ட முடியுமா?

முடியும். ஒரே ஒரு ஸ்க்ரூதான். ஆனால் ஸ்விட்சை வெளியே இழுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், பின்னால் வரும் ஒயரில் ஒரு நூலைக் கட்டுவது. ஸ்விட்சிலிருந்து விடுபட்ட ஒயர் தூணுக்குள் நழுவி விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கதவைத் திறந்தும் விளக்கு எரியாத கோளாறு, ஸ்விட்சில் ஒற்றை ஒயர்தான் என்றால், கழற்றிய ஒயரின் முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் தொட்டுப் பாருங்கள். ரூம் லைட் எரிந்தால் பல்பும் ஒயரும் நல்லவை, ஸ்விட்ச்தான் கெட்டது. எரியாவிட்டால் பல்பையும் ஃபியூஸையும் பாருங்கள். இரண்டு, மூன்று ஒயர் உள்ள ஸ்விட்சில் இந்த விளையாட்டு வேண்டாம், அங்கே மல்டிமீட்டர்தான்.

இந்த ஸ்விட்சுக்கு எர்த் கிடைப்பது அந்த ஸ்க்ரூ வழியாகத்தான். ஸ்க்ரூவும் அது உட்காரும் இடமும் துருப்பிடித்திருந்தால் கதவைத் திறந்தாலும் விளக்கு எரியாது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். விளக்கு அணையவே இல்லை என்ற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: குமிழின் முனை தேய்ந்திருக்கும், அல்லது கதவில் அதை அழுத்தும் ரப்பர் உதிர்ந்திருக்கும். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் ஒட்டிப் பாருங்கள். அணைந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது; புது ரப்பரோ புது ஸ்விட்சோ சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னோவா, மதுரை: நான்கு கதவும் சரி, நான்கு ஸ்விட்சும் சரி. விளக்கு மட்டும் அணையவில்லை. பேய் பிடித்திருக்குமா?

ஊரிலிருந்து அரிசி மூட்டை வந்ததா? டிக்கியைப் பாருங்கள். பின்கதவும் ஒரு கதவுதான் என்பது சாமான் ஏற்றும்போது மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கும். பல கார்களில் டிக்கிக்கும் இதே விளக்குதான். சில கார்களில் தனிப் படம் உண்டு. மூட்டையின் மூலை இடித்துப் பூட்டு பாதியில் நின்றிருக்கலாம், கோணிச் சணல் கொக்கிக்குள் சிக்கியிருக்கலாம்.

வேகன் ஆர், திண்டுக்கல்: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் விளக்கு வந்து வந்து போகிறது.

கதவு ஆடுகிறது. டிரைவர் கதவைப் பாதி திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். 'லொடக்' என்றால் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கிறது. கீல் சரியென்றால் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். அதன் ஸ்க்ரூக்களைத் தளர்த்துவதற்கு முன் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் தள்ளி, முடுக்கி, சாத்திப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு மில்லிமீட்டர். பழைய இடம் தெரியாமல் தளர்த்தியவர்கள்தான் டிங்கர் கடை வாசலில் பெஞ்சு தேய்க்கிறார்கள்.

சாண்ட்ரோ ஜிங், வேலூர்: புது ரப்பர் பீடிங் போட்டேன். அன்றிலிருந்து இந்தத் தொல்லை. பீடிங் போலியா?

இருக்கலாம், அசலாகவும் இருக்கலாம். புது பீடிங் விறைப்பாக இருக்கும், கதவை வெளியே தள்ளும், பூட்டு முதல் கிளிக்கோடு நின்றுவிடும். சில நாளில் அமுங்கிப் பழகும். பழகாவிட்டால் பீடிங் மூலைகளில் மடிந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காசைத் திருப்பிக் கேட்பது அதற்கு அப்புறம்.

எர்டிகா, தூத்துக்குடி: மழைக்காலத்திலும் வாட்டர் வாஷுக்குப் பிறகும் மட்டும் கோளாறு வருகிறது. வெயில் அடித்தால் தானே சரியாகிவிடுகிறது.

தானே சரியானது தானே திரும்பி வரும். தண்ணீர் ஸ்விட்சுக்குள் போகிறது. கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டவை. மண் அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். டோர் பேடைக் கழற்றுகிறவர்கள் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியாமல் திரும்ப ஒட்டுங்கள். அது போனால் மழை காலடியில் வந்து நிற்கும். மஞ்சள் நிற இணைப்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது ஏர்பேக்கின் சொத்து.

ஸ்கார்ப்பியோ, தேனி: கதவைப் பாதி திறந்தால் ஒரு மாதிரி, முழுதாகத் திறந்தால் வேறு மாதிரி. அதே கதவின் பவர் விண்டோவும் மக்கர் செய்கிறது.

ஒரே கதவில் இரண்டு நோய் என்றால் ஸ்விட்சை விட்டுவிடுங்கள். தூணுக்கும் கதவுக்கும் நடுவே, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதன் வழியாகத்தான் எல்லா ஒயரும் கதவுக்குள் போகின்றன. வருடக்கணக்கில் மடங்கி நிமிர்ந்ததில் உள்ளே செம்பு அறுந்திருக்கும். மேல் உறை மட்டும் யோக்கியமாக நிற்கும். ரப்பரை நகர்த்தி ஒவ்வோர் ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீளும் ஒயர்தான் அறுந்தது. புது ஒயர் துண்டு சேர்த்து சால்டரிங் செய்யச் சொல்லுங்கள். இணைப்பு மடங்கும் இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆல்டோ, கடலூர்: ரூம் லைட்டுக்கு எல்.இ.டி. பல்பு போட்டேன். கதவு மூடியிருக்கும்போதும் மங்கலாக மினுக்குகிறது. பல்பு டூப்ளிகேட்டா?

பல்பு குற்றமற்றது. ஈரமும் அழுக்கும் சேர்ந்த ஸ்விட்ச் வழியாகத் துளியூண்டு மின்சாரம் கசிகிறது. பழைய இழை பல்புக்கு அந்தக் கசிவு போதாது. எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். சொல்லப்போனால், ஸ்விட்ச் கெடப்போவதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கிறது.

டொயோட்டா கொரோலா, டொராண்டோ: இங்கே பனிக்காலத்தில் மட்டும் விளக்கு வருகிறது.

பூட்டுக்குள் ஈரம் உறைந்திருக்கும், அல்லது பழைய கிரீஸ் குளிரில் இறுகிக் கொக்கி முழுதாகச் சுழலாமல் நிற்கும். வெந்நீர் ஊற்றாதீர்கள், சற்று நேரத்தில் அதுவும் உறைந்து கூட்டணி சேர்ந்துவிடும். சூடான கராஜில் நிறுத்திக் காயவிட்டு, பழைய கிரீஸைக் கழுவிப் புது லித்தியம் கிரீஸ் வையுங்கள். பீடிங்கில் சிலிக்கான் தடவினால் கதவு ஒட்டிக்கொள்ளாது.

பெலினோ, ஈரோடு: விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று என் கணவர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

டேப் தீர்வதற்குள் வேறு என்னென்ன உறுத்துகிறது என்று அவரிடம் கேட்டு வையுங்கள்.

டவேரா, திருநெல்வேலி: ஒயரை வெட்டிவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் நண்பர். செய்யலாமா?

குமிழ் ஸ்விட்ச் உள்ள காரில் வெட்டினால் விளக்கு அணையும். அன்று முதல் அந்தக் கதவு காருக்கு எப்போதுமே மூடிய கதவு. பின்சீட்டில் குழந்தை ஏறிக் கதவைப் பாதியில் விட்டாலும் கார் வாயைத் திறக்காது. அலாரம் வைத்திருந்தால் அந்தக் கதவை மட்டும் அது காவல் காக்காது. பூட்டுக்குள் ஸ்விட்ச் உள்ள காரிலோ, வெட்டினால் சில சமயம் விளக்கு நிரந்தரமாக எரியும். சென்ட்ரல் லாக்கும் கோபித்துக்கொள்ளும். நண்பருடைய காரில் முதலில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிகோ, செங்கல்பட்டு: கம்பெனியே கடையைக் கட்டிவிட்டதே, பூட்டுக்கு எங்கே போவது?

ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் கார் தயாரிப்பை நிறுத்தியது உண்மை. ஆனால் உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்றுதான் சொன்னார்கள். முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அடுத்து, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள். கடைசியாகப் புதுப்பேட்டை. அங்கே பழைய பூட்டு வாங்கினால், இடது வலது, முன் பின் பார்த்து, இணைப்பில் எத்தனை ஊசி என்று எண்ணி, ஸ்க்ரூடிரைவர் சோதனையை மல்டிமீட்டரோடு கடை வாசலிலேயே செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ரிட்ஸ், ராமநாதபுரம்: பின்கதவு உள்ளிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது. இதுவும் சென்சார் கோளாறா?

பெரும்பாலும் சைல்டு லாக். கதவின் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளிவிடுங்கள். மெக்கானிக்கிடம் போயிருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார், கொஞ்சம் தாமதமாக.

ஃபியஸ்டா, புதுச்சேரி: இந்தத் தலைவலி நம் ஊர்க் கார்களுக்கு மட்டும்தானா?

அமெரிக்காவில் 2011 முதல் 2013 வரையிலான ஃபோர்டு எட்ஜ் கார்களில் இதே புகார் குவிந்து, அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே விசாரணைக்கு எடுத்தது. அதற்கும் முன்னால், 1980-களில், கிறைஸ்லர் கார்கள் விளக்கோடு நிற்காமல் 'கதவு திறந்திருக்கிறது' என்று வாய்விட்டே சொல்லின. சாத்தினால் நன்றியும் சொல்லின. அந்தக் காரில் ஸ்விட்ச் கெட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்களுடையது வெறும் விளக்கு. புண்ணியம் செய்தவர் நீங்கள்.

இண்டிகோ, கரூர்: காரை விற்கப்போகிறேன். இதைச் சரிசெய்துவிட்டு விற்பதா, அப்படியே தள்ளிவிடுவதா?

சரிசெய்துவிட்டு விற்பதுதான் லாபம். வாங்க வருகிறவர் தனியாக வரமாட்டார். விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவர் 'ஆக்ஸிடென்ட் வண்டி, கதவு மாற்றியிருக்கிறார்கள்' என்று ஆரம்பிப்பார். காண்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கும் காசுக்குப் பயந்தால், அவர் பேசிக் குறைக்கும் விலையில் ஒரு புதுப் பூட்டே வாங்கியிருக்கலாம். முதலில் கதவை அழுத்திப் பாருங்கள், பிறகு அழுக்கை எடுங்கள், பிறகு ஒயரைப் பாருங்கள், கடைசியில் பூட்டு. இந்த வரிசையில் போனால் பாதிப் பேருக்குப் பர்ஸைத் திறக்கும் வேலையே வராது. எல்லாம் சரியாகி விளக்கு அணைந்த பிறகு, விற்கும் யோசனையே போய்விட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.